ஒரு கை சேறு

அணையின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மதகு திறக்கிறவர் நீளக் குழாயை நீரின் அடியிலிருந்து உருவி எடுத்துக் கரைக்கல்லில் தட்டுகிறார். கன்னங்கரேலென்று சேறு வழுக்கி விழுகிறது. கழிமுகத்தில் மீன் பிடிக்கிற அவருடைய மச்சினன் அதன் முன்னால் குந்துகிறான். மீன் ஏன் அற்றுப்போனது என்று கேட்கத்தான் பஸ் மாறி மாறி இங்கே வந்திருக்கிறான். சேற்றுக்குள் ஓர் இலை, நரம்புகூடக் கெடாமல் ஒட்டியிருக்கிறது. "காட்டுல உதிர்ந்து உங்க மீனுக்கு எரையா வரவேண்டியதெல்லாம் இங்கயே படுத்துக்குது மாப்ள. அடிமதகு தூர்ந்து போச்சு. மேல தெளிஞ்ச தண்ணிதான் உங்களுக்கு வருது." "கண்ணாடி மாதிரிதான் வருது மச்சான். வலை போட்டா எங்க மூஞ்சிதான் மாட்டுது." இருவரும் சிரிக்கவில்லை. தேங்கிய நீரில் குமிழிகள் எழுந்து ஒவ்வொன்றாக உடைகின்றன. "மக்குறதுல கொஞ்சம் இப்படிக் காத்தாப் போயிடுது," என்கிறார் அவர், இழவு சொல்கிற குரலில். மச்சினன் சேற்றை இரு கையாலும் அள்ளி முகர்ந்து பார்க்கிறான். "போதும், கைய கழுவு," என்று பக்கத்து நீரைக் காட்டுகிறார். அவன் அங்கே குனியவில்லை. விரலிடுக்கில் சிந்தாமல் ஏந்திக்கொண்டு அணையின் குறுக்கே நடந்து, மறுபக்கப் படிகளில் இறங்கி, ஓடுகிற நீரில் கைகளை விரிக்கிறான். ஒரு பழுப்புக் கோடு கடலைப் பார்த்துக் கொஞ்ச தூரம் போகிறது. பிறகு தண்ணீர் மறுபடியும் கண்ணாடியாகிறது.