தெளிந்துபோன கிணறு

மூடிப்போன தொழிற்சாலையின் கழிவு ஊறிய மண்ணைச் சுத்தமாக்க, ஞானசீலன் குழாய் இறக்கிப் விஷத்தை முறிக்கும் பெர்மாங்கனேட் மருந்தைச் செலுத்தினான். அது கசிந்து பக்கத்து வீட்டுக் கிணறு கத்தரிப்பூ நிறமானது. "இந்த நிறம் இருக்கிறவரைக்கும் குடிச்சிராதீங்கக்கா" என்று அந்த வீட்டுத் தனபாக்கியத்திடம் எச்சரித்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் அவன் வந்தபோது அவள் வாசலிலேயே சிரித்தாள். "நிறம் போயிடுச்சு தம்பி! லாரித் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டதெல்லாம் போதும். மாசமா இருக்கிற மகளுக்கும் இப்ப இதுதான். நீயும் குடி, எல்லாம் உன் கைராசி."

கழிவின் விஷம் இன்னும் மிச்சமிருந்து மருந்தைத் தின்றுவிட்டால்தான் நிறம் இத்தனை சீக்கிரம் வெளுக்கும். அந்த ஒரு வார்த்தையையும் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பளிங்குபோலத் தெளிந்த தண்ணீரோடு அவள் நீட்டிய சொம்பை இரு கையாலும் வாங்கிக்கொண்டான். உள்ளேயிருந்து மகள், "எனக்கும் இன்னொரு சொம்பும்மா" என்றாள்.