முன்னால் நடப்பவள்

லாகா தன் தட்டிலிருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, மனைவியின் சோளச்சோற்றின் மேல் வைத்தான்.

"போதுங்க. இதுக்கு மேல தின்னா வயிறு வெடிச்சுடும்" என்றாள் பெனி.

"சாப்பிடு. காத்தடிச்சா பறந்துடுவ போல இருக்க."

எதிரே உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் கோபோங் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கல்யாணத்தன்று எலும்பும் தோலுமாக இருந்த தங்கைக்குக் கன்னம் உப்பி, கையெல்லாம் சதை வைத்திருந்தது. காதில் விழுந்த பேச்சை நம்பி, அவளைக் கையோடு கூட்டிப் போகத்தான் அவன் எதிர்த் தீவிலிருந்து படகோட்டி வந்திருந்தான்.

லாகா கை கழுவ எழுந்து போனதும் கோபோங் குரலைத் தாழ்த்தினான். "உண்மையைச் சொல்லு புள்ள. ஆவிக்காட்டுல உன்னைப் பொதி சுமக்க விடறானாமே?"

"சுமக்கிறேன். நம்ம ஊர்ப் பொம்பளைங்க மட்டும் என்ன, சும்மாவா இருக்காங்க?"

"உனக்குச் சரிப்படலேன்னா இப்பவே படகுல ஏறு. அவன் பரிசமா குடுத்த யானைத் தந்தம் அப்படியேதான் இருக்கு. கொண்டாந்து அவன் வாசல்ல போட்டுடறேன்."

பெனி சிரித்துவிட்டாள். "அண்ணே, அங்க நீ கையை வீசிக்கிட்டு முன்னாடி போவ. அண்ணி விறகைத் தூக்கிக்கிட்டு உன் பின்னாடி ஓடி வருவா. இங்க நான்தான் முன்னாடி. இவர் எனக்குப் பின்னாடி வர்றார்."

"புருஷன் பின்னாடியா?"

"நான் கால் வெச்ச இடத்துலதான் அவரும் வெப்பார். ஒரு விரல் தள்ளி மிதிக்கமாட்டார். அண்ணி கேட்டா உன்னை விட்டுட்டு இங்க ஓடியாந்துடுவா."

"அப்புறம் ஏன் முதல்ல கட்டினவ மலேசியாவுக்கு ஓடிப் போனாளாம்?"

"அவளுக்குக் குடுத்து வைக்கல." பெனி மீனை வாயில் போட்டுக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லு, ராணி மாதிரி இருக்கேன்னு."

கோபோங் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இனி மழைக்காலம் முடிந்து கடல் அடங்கும்வரை இந்தக் கரைக்கு எந்தப் படகும் வராது. அவன் தங்கையின் தலையைத் தொட்டுவிட்டுப் படகை நீரில் தள்ளினான்.

அவர்களும் வேலைக்குக் கிளம்பினார்கள். தரை வெடிப்புகளிலிருந்து கொதிநீராவி பீறிடும் அந்த ஆவிக்காடு, மலையின் அடிவாரத்தில் கடலையொட்டிக் கிடந்தது. மண்ணுக்கடியில் இருக்கிற சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். எந்த வெடிப்பில் எவ்வளவு ஆவி, எவ்வளவு சூடு என்று அளந்து வரைபடம் போட ஜாவாவிலிருந்து எஞ்சினியரம்மா லஸ்த்ரி வந்திருந்தாள். லாகாவின் வீட்டில்தான் அவளுக்கும் சாப்பாடு.

ஆவிக்காட்டுக்குள் வழிகாட்ட லாகாவை விட்டால் ஆளில்லை. சில வருஷம் முன்பு வந்த அளவைக்காரர்களையும் அவன்தான் கூட்டிப் போனான். அப்போது மேல்தரை உடைந்து உள்ளே இறங்கிய அவன் வலது கால், முழங்காலுக்குக் கீழே இன்னும் மரப்பட்டை மாதிரி சுருங்கிக் கிடந்தது.

அளவுக்கருவிகள் இருந்த இரும்புப்பெட்டியை லாகா பெனியின் முதுகில் வைத்துக் கட்டினான். பிறகு தண்ணீர்க் கேனையும் சேர்த்துக் கட்டினான். அவன் கையில் ஒரு மூங்கில் கழி மட்டும் இருந்தது.

"கேனை நான் எடுத்துக்கறேனே" என்றாள் லஸ்த்ரி.

"வேண்டாம்மா. அவகிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, பெனியின் இடுப்பைப் பிடித்துப் பெட்டியோடும் கேனோடும் ஒரு சாண் உயரம் தூக்கினான். கண்ணை இடுக்கி ஒரு கணம் அப்படியே பிடித்திருந்துவிட்டு இறக்கினான்.

"ம், இப்ப சரி."

"ஐயோ, விடுங்க! எஞ்சினியரம்மா பாக்குறாங்க." பெனிக்கு முகம் சிவந்துவிட்டது.

அவள் முன்னே நடந்தாள். தரை ரொட்டியின் மேலோடு போல வெளுத்து வறண்டிருந்தது. காலடியில் பறை தட்டுவது போலச் சத்தம் கேட்டது. ஆவி வந்த இடத்திலெல்லாம் குனிந்து ஒரு சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டு நகர்ந்தாள். அவள் தடத்தில் லாகாவின் கால் வந்தது. அவன் தடத்தில் லஸ்த்ரியின் கால்.

வலப்பக்கம் அண்ணனின் படகுப்பாய் கடலில் ஒரு நகத்துண்டு அளவுக்குச் சிறுத்திருந்தது. பார்க்காவிட்டால் என்ன என்று பெனி கையை ஆட்டினாள். என்னைப் பார் அண்ணே, எல்லாருக்கும் முன்னால் போகிறேன்.

பின்னாலிருந்து லஸ்த்ரியின் சிரிப்புக் கேட்டது. "எங்க வீட்டுக்காரர் எனக்கு மீன் தலையைக்கூட மிச்சம் வைக்கமாட்டார். நீங்க என்னடான்னா நடுத்துண்டையே எடுத்துக் குடுக்கறீங்க. முதல் சம்சாரத்தையும் இப்படித்தான் கவனிச்சீங்களா?"

பெனியின் நடை தானாகவே மெதுவானது. புருஷன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க அவளுக்கும் ஆசையாக இருந்தது.

"இல்லம்மா. அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்."

லாகா கழியால் தன் வெந்த காலை ஒரு தட்டுத் தட்டினான்.

"அவ ஒல்லி. அவளைத் தாங்குன தரை என்னைத் தாங்கல."