மூன்றாவது அடுக்கு

"சார், அந்தச் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கச் சொல்லுங்க. அடி அடுக்குல துணி இருக்கும்."

மதுமதி சொன்னதும் செந்தில்வேல் பேனாவைக் கீழே வைத்தார். பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அந்தச் சாயப்பட்டறை அவருடையது. சாயம் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கலர் லேபுக்கு மதுமதி வந்து ஆறு மாதம் ஆகிறது. எம்.டெக். முடித்தவள், அதிலும் தங்கப் பதக்கம்.

"யாரு கேரியரம்மா?"

"மாஸ்டரோடதுங்க சார்."

"சாமியப்பண்ணனையா சொல்றே?" செந்தில்வேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருசமா சாயத்துல நிக்கிற மனுசன். நீ கம்ப்யூட்டர்ல பாஸ் போட்ட மூணு கலரைத் துணி வாங்கற பையர் திருப்பி அனுப்பிட்டான். அண்ணன் ஓகே சொன்னது? முன்னேயாவது ஒண்ணு ரெண்டு திரும்பும். இந்த நாலு வருசமா ஒண்ணுகூடத் திரும்பல. வயசு ஏற ஏறத்தான் அவருக்குக் கண்ணு கூர்மையாகுது. அனுபவம்னா அதும்மா!"

மதுமதிக்கு முகம் சிவந்தது. லேபுக்கு ஓர் ஆள் போதும், மாதக் கடைசியில் இருவரில் ஒருவர்தான் இருப்பார் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த ஒருவர் யார் என்பது கேட் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும்.

"கோவத்துல சொல்லலீங்க சார். மெஷின்ல வச்சா எனக்கு ஒரு நிமிசத்துல பதில் வருது. மாஸ்டர் துணியை வாங்கி, விரல்ல தடவிட்டு, 'காலையில சொல்றேன் கண்ணு'ங்கறாரு. தினமும் காலையிலதான். அதுவரைக்கும் அந்தத் துணி எங்க இருக்குதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"அனுபவசாலி அவசரப்பட மாட்டான்."

"ஆறு நாளா கவனிக்கறேனுங்க. ஒரு மணிக்கு அவங்க வீட்டம்மா கேரியர் கொண்டு வர்றாங்க. சாப்பிட்டதும் மாஸ்டரே கழுவி, துடைச்சு, அடுக்கிக் குடுத்து அனுப்பறாரு. எந்த ஊட்டுலீங்க சார் ஆம்பளைங்க கேரியர் கழுவறாங்க?"

அதுவரை அசையாத செந்தில்வேல் இந்தக் கேள்வியில் அசைந்துவிட்டார். சாப்பிட்ட தட்டை நகர்த்திக்கூட வைத்தறியாதவர் அவர். போதாததற்கு, போன மாதம் வேறு டையிங் பட்டறைக்குக் கைமாறிப் போன பல்லடம் பார்ட்டியும் நினைவுக்கு வந்தார். சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே பொருந்தித்தானே போகும்!

ஐந்து நிமிடத்தில் சாமியப்பனும் அவர் மனைவி ஞானாம்பாளும் அறைக்குள் வந்து நின்றார்கள். கேரியரை ஞானாம்பாள் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, அதைக் கொஞ்சம் திறங்க."

"சாப்பாடெல்லாம் தீந்துபோச்சுங்களே மொதலாளி."

"பரவால்ல, திறங்க."

முதல் அடுக்கு காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதில், காகிதத்தில் சுற்றிய இரண்டு துணித்துண்டுகள். ஒன்று, வெளிநாட்டுப் பையர் அனுப்பிய சாம்பிள். மற்றது, அதைப் பார்த்து நேற்று பட்டறையில் சாயம் போட்டது. இரண்டுமே கேட்டைத் தாண்டக் கூடாதவை.

செந்தில்வேல் துண்டுகளைச் சுட்டிக் காட்டினார். "எந்த டையிங்குக்குப் போகுதுங்கண்ணா இது?"

"விக்கறதுக்கில்லீங்க மொதலாளி. முருகன்மேல சத்தியமா இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு ஊட்டுக்குப் போகுது?"

சாமியப்பன் மனைவி பக்கம் திரும்பினார்.

"படிப்பு என்னத்துக்கு, எங்க அண்ணன் அனுபவம் போதும்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேனே! என் மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களேண்ணா. நாளையில இருந்து வர வேண்டாம்."

மதுமதிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டாள். ஆனால் அகப்பட்டுக்கொண்ட மாஸ்டர், தன்னை முறைக்காமல் மனைவியைப் பார்த்து ஏன் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறார் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஞானாம்பாள் கேரியரை மேசைமேல் வைத்தாள். இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, சாமி படத்துக்கு மேல் எரிந்த மஞ்சள் விளக்கடிக்குப் போனாள். ஒன்றின்மேல் ஒன்றை மடித்து வைத்து, வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆகாதுங்க. சாம்பிள்ல இல்லாத செவப்பு இதுல ஒரு பொட்டு ஏறியிருக்குது. இதையா நீ பாஸ் போட்டேன்னு அவரு சொன்னாரு கண்ணு? அனுப்புனா திரும்பித்தான் வரும்."

மதுமதி கையிலிருந்த ரிப்போர்ட்டைப் புரட்டினாள். பகல் வெளிச்சத்தில் பாஸ். கடைகளில் எரியும் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், சிவப்பு சற்று அதிகம். கொஞ்சம்தானே என்று காலையில் அவள் தள்ளிவிட்ட வரி அது.

"ஆமாங்க சார்," என்றாள் மெதுவாக. "செவப்பு இருக்குதுங்க."

செந்தில்வேல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?"

"நான் பனியன் வேஸ்ட் குடோன்ல இருவது வருசமா கலர் பிரிக்கறவளுங்க. கட்டிங் துண்டு மலையாட்டம் கெடக்கும். பாக்கறவங்களுக்கு எல்லாம் ஒரே நீலம். நாங்க அதை எட்டு நீலமாப் பிரிச்சுப் போடோணும்."

"அது சரி. அண்ணன் இருக்கறப்ப, இந்தத் துணியை நீங்க எதுக்குப் பாக்கணும்?"

"ஞானா, வேண்டாம்" என்றார் சாமியப்பன்.

"இனி மறைச்சு என்னங்க ஆகப்போகுது?" ஞானாம்பாள் முதலாளி பக்கம் திரும்பினாள். "சக்கரை வந்து அவரு கண்ணு கெட்டு நாலு வருசமாச்சுங்க. செவப்பும் கருப்பும் அவருக்கு ஒண்ணாத்தான் தெரியுது. நீங்க மெச்சுன கலரு அத்தனையும் இந்த மூணாவது அடுக்குல எங்கூட்டுக்கு வந்துட்டுப் போனதுதானுங்க. இப்பச் சொல்லுங்க, நாளைக்கு நான் கேரியர் கொண்டு வரட்டுங்களா, வேண்டாங்களா?"