ஏழு கிலோவில் இத்தாலி

"பெட்டியே போடாதீங்க சார். போட்டீங்கன்னா நடுவழியில மாட்டிக்குவீங்க!"

ஆம்பூர் டிராவல்ஸ்காரர் தௌசீப் அகமது இப்படிச் சொன்னதும் எபனேசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மறுநாள் அவன் ஷூ ஆர்டர் பிடிக்க மிலானுக்குக் கிளம்ப வேண்டும்.

"இன்னா பாய் சொல்றீங்க? இத்தாலி விசாதான் கையில இருக்குதே!"

"அது போய்ச் சேர்ற ஊருக்கு சார். நீங்க கம்மி ரேட்டுன்னு ரெண்டு தனித்தனி டிக்கெட் போட்டுட்டீங்க. பிளைட் மாறுற ஊர்ல வெளிய போய்தான் பெட்டிய எடுத்து, மறுபடி போடணும். வெளிய போகணும்னா அந்த ஊரு டிரான்சிட் விசா வேணும். அதுக்கு இப்ப டைம் ஏது? கைப்பை மட்டும்னா உள்ளாறவே மாறிக்கலாம். ஆனா ஏழு கிலோதான். ஜாஸ்தி ஆச்சுன்னா பேஜாரு."

எபனேசர் ஷூ கம்பெனி ஒன்றில் சேல்ஸ் பார்ப்பவன். முதலாளி ஆபித் பாஷா தெளிவாகச் சொல்லியிருந்தார். "இந்த ஆர்டர் வந்தா நீதான் மேனேஜர். அந்த இத்தாலிக்காரன் மூஞ்சப் பாக்கமாட்டான், காலத்தான் பாப்பான். நம்ம ஷூவப் போட்டுக்கினு போ." புது ஜோடி ஒன்றும் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கெசியாவிடம் புலம்பித் தீர்த்தான். அவளுக்கு அதே கம்பெனியில் பதினைந்து வருடமாக சாம்பிள் பேக்கிங் வேலை.

"எட்டு மாடலும் ஜோடியா எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். எல்லாம் போச்சு!"

"இதுக்கா இவ்ளோ கவல? கூரியர்ல அனுப்புறாப்பல ஒத்தக் கால் சாம்பிளா வச்சிட்டாப் போச்சு. எடது கால் மட்டும். எடையும் கம்மி, வழியில எவனும் திருடிப் போட்டுக்க முடியாது."

"ஏர்போர்ட்ல ஷூவக் கழட்டு மாட்டுன்னு உசுர வாங்குவானுங்க. நான் செருப்புலயே போறேன். எல்லாத்தையும் நீயே வச்சிடு."

அரை மணி நேரத்தில் பையைச் சுற்றி டேப் ஒட்டி, தராசில் தொங்கவிட்டுக் காட்டினாள். ஆறு கிலோ தொள்ளாயிரம்!

"கெசியான்னா கெசியாதான்!" என்று பூரித்துப் போனான் எபனேசர்.

பிளைட் மாறுகிற ஊரில், பெட்டி போட்டுவிட்டு டிரான்சிட் விசா இல்லாமல் வந்த ஒருவர் அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். எபனேசர் செருப்பைத் தேய்த்தபடி அவரை ராஜா மாதிரி கடந்து போனான். மனதுக்குள் ஆபீஸ் அறையும் மேனேஜர் நாற்காலியும் வந்து போயின.

மிலான் ஓட்டல். மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் இருந்தது. குளித்து, போட்டுவந்த கோட்டையும் டையையும் மறுபடி மாட்டிக்கொண்டு பையின் டேப்பைக் கிழித்தான். எட்டு சாம்பிளும் கசங்காமல் இருந்தன. அடியில் பளபளவென்று அவனுடைய புது ஷூ. இடது காலில் போட்டு லேஸ் கட்டிவிட்டு, மறுபடி பைக்குள் கையை விட்டான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பிறகு வீட்டுக்குப் போன் போட்டான்.

"கெசியா...!"

"ஒண்ணும் பயப்படாதீங்க. ஒம்போது வலது காலும் இங்க பீரோவுல பத்திரமா இருக்குது!"