கூடை பிடிக்க ஒரு பொண்ணு

“எனக்கு மீன் வேணாம்மா. மீனவப் பொண்ணு ஒருத்தி வேணும். அதுவும் இன்னிக்கே வேணும்.”

ராஜவேல் இப்படிக் கேட்டதும், வைத்திக்குப்பம் கடற்கரையில் படகு நிழலில் மீன் விற்றுக்கொண்டிருந்த அங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் மீனுதான் விக்கிறேன் தம்பி” என்றாள்.

ராஜவேலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலையிலிருந்து எத்தனை பேரிடம்தான் இதையே சொல்வது? மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இளைஞர்களுக்கு இலவசமாக வீடியோ எடுக்கக் கற்றுத்தரும் குழு ஒன்றை அவர் நடத்துகிறார். அதற்கு நிதி கொடுப்பவர்கள் நாளைக்கு நேரில் வருகிறார்கள். ஊரில் இருக்கும் எல்லா வகைப் பிள்ளைகளும் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழுவை இழுத்து மூட வேண்டியதுதான்.

எல்லா வகையும் இருக்கத்தான் செய்தது. வீட்டில் பிரெஞ்சு பேசுகிற பையன் இருந்தான். அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வரும் விவசாயி மகள் இருந்தாள். சக்கர நாற்காலியில் வந்து எடிட்டிங் செய்கிறவன்கூட உண்டு. அத்தனை பேரையும் படம் எடுத்தாயிற்று. கடலை எதிரிலேயே வைத்துக்கொண்டு ஒரு மீனவப் பெண்ணுக்குத்தான் இந்தப் பஞ்சம்.

கூட வந்த இரண்டு பேராலும் ஒரு பிரயோசனமும் இல்லை. மைக் கம்பைப் பிடித்திருந்த தமிழ்மாறன் கடலுக்கு எட்டாத மூலக்குளத்துப் பையன். இரண்டடிக்கு ஒருமுறை நின்று ஷூவிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். கேமரா அன்புசெல்வியிடம் இருந்தது. குழுவிலேயே அவள் அளவுக்குக் கேமரா பிடிக்க ஆளில்லை, அதை ராஜவேலே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்றைக்கென்று பார்த்து, தூசி ஒத்துக்கொள்ளாது என்று முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள். நீயும் ஒரு பொண்ணு, நீ போய்க் கேட்டால் யாராவது இரக்கப்பட்டு வருவார்கள் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டார்.

“நான் கேட்டா வேலைக்கு ஆவாது சார்” என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கேமராவைக் கண்டால் எல்லாருக்கும் பல் தெரிகிறது, கூப்பிட்டால் மட்டும் ஒருவரும் வருவதில்லை என்று ராஜவேல் பொருமினார்.

கடைசி முயற்சியாக அங்கம்மாளிடம், வீட்டில் பொண்ணு இருக்கிறதா என்று கேட்டார்.

“இருக்கா.”

“இப்ப எங்கம்மா?”

“வேலையில இருக்கா.”

ராஜவேலுக்கு உயிர் வந்தது. அவளை ஒரு நிமிடம் கூப்பிட்டால் போதும் என்றார். பேச வேண்டாம், நடிக்க வேண்டாம். மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலுக்கு முன்னால் நின்று சிரித்தால் போதும். மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அங்கம்மாளின் கை நின்றது.

“அவ கூடை தூக்கக் கூடாதுன்னுதான் தம்பி, நான் இன்னும் தூக்கிக்கினு இருக்கேன். நீ படம் புடிக்கிறதுக்காவ அவளத் தூக்கச் சொல்றியா?”

ராஜவேல் அவசரமாக ஒரு கும்பிடு போட்டார். திரும்பி நடந்தவர், மணலில் கிடந்த படகுக் கயிறு தடுக்கி விழப் பார்த்தார். அந்தக் கயிற்றின் மேலும் எரிந்து விழுந்தார். இந்த வேலையே வேண்டாம் என்று கையைக் கழுவிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. நாளைக்கு வருகிறவர்கள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். கடலோர ஊரில் உங்களுக்கு ஒரு மீனவப் பெண்கூடக் கிடைக்கவில்லையா என்பார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

அப்போதுதான் தமிழ்மாறன் ஒரு யோசனை சொன்னான். பேசாமல் அன்புசெல்வியின் இடுப்பிலேயே கூடையை வைத்து நிறுத்திவிடலாம், கேமராவை அவன் பிடித்துக்கொள்வான், வருகிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்றான்.

ராஜவேல் அன்புசெல்வியைப் பார்த்தார். ஜீன்ஸ், தோளில் பை, கையில் கேமரா. அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் தமிழ்மாறன் மேல் திரும்பியது.

“பாக்குறவங்க நம்ப வேணாமாடா? இத்தினி நாளா இவளப் பாக்குறேன். இவ மூஞ்சியில எங்கடா கடல் தெரியுது?”

அன்புசெல்வி மாஸ்க்குக்கு மேலாக அவரை முறைத்தாள். அங்கம்மாள் சொம்பை ‘ணங்’ என்று வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“ஏந் தம்பி, பெத்தவ எதிர்லயே நின்னுக்கினு, எம் பொண்ணு மூஞ்சியில கடல் தெரியலங்கிற?”

ராஜவேல் அன்புசெல்வியின் பக்கம் திரும்பினார். அவள் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே முறைப்பு.

“இத்தினி நாளா கூடவே இருந்திருக்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“மொத நாளே சொல்லியிருந்தா, என் கையில கூடையத்தான் குடுத்திருப்பீங்க சார்” என்றாள் அன்புசெல்வி. “கேமராவக் குடுத்திருக்க மாட்டீங்க.”