வெள்ளைக்குக் கீழே பச்சை

பட்டறைக்கு எந்தப் பழைய கார் வந்தாலும், முதலில் முன்விளக்கின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பார்ப்பாள் வடிவாம்பாள். கணவனை இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, அவன் சைக்கிளில் பச்சைப் பெயின்ட்டை அப்பிவிட்டுப் போயிருந்தது. பதினோராவது வருடம், ஒரு வெள்ளைக் காரில் அந்தப் பச்சை தெரிந்தது. பெயின்ட்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டியைப் பெயர்த்தாள். உள்ளே இருந்த பள்ளத்தில் சைக்கிள் மணியின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது.

அந்தக் காரை விலைக்கு வாங்கினாள். ஆர்.சி. புத்தகத்திலிருந்த மூன்று பெயர்களில் பிந்தைய இருவரைத் தேடிப் போய்க் கேட்டாள். "நான் வாங்குறப்பவே வெள்ளைதாம்மா" என்றார்கள் இருவரும்.

பிறகு இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தாள், பிரேக்கை மாற்றினாள், வண்டி முழுக்கப் பச்சை அடித்தாள். பள்ளத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

ஆயுத பூஜையன்று முதல் பெயர்க்காரர் தாமோதரனின் வாசலில் மாலை போட்டு நிறுத்தினாள். அவர் மனைவிதான் முதலில் ஓடிவந்தாள். "அய்யோ, நம்ம பழைய வண்டிங்க! அதே பச்சை!"

"சார் கைராசிக்கு முதல்ல அவரு எடுக்கட்டும்மா" என்றாள் வடிவாம்பாள்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தாமோதரன் பள்ளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். அவள் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு ஜன்னலருகே குனிந்தாள்.

"ஏத்திட்டு நிக்காமப் போங்க சார். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."