கூண்டில் ஏறாத சாட்சி

“றம்லாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள்?”

வெளியே நின்று கேட்டார் கதிராமன். றுக்கியா வேலிப் படலையைப் பாதிதான் திறந்தாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

“எந்த றம்லா?”

“மூதூர் இறங்குதுறையடியில தேத்தண்ணிக் கடை வச்சிருந்த றம்லா. அஸீம் எண்டவரை உங்கட மகன் நிப்றாஸ் அடிச்சுக் கொன்றதைக் கண்ட சாட்சி. அந்த றம்லா.”

“அவ வெளிநாடு போயிட்டா எண்டு கேள்வி.”

“பாஸ்போட்டே எடுக்காத மனிசி எப்பிடியம்மா வெளிநாடு போறது?”

றுக்கியா நிலத்தைப் பார்த்தாள்.

திருகோணமலை நீதிமன்றத்தில் அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை கதிராமனுக்கு. பதினெட்டு வருசமாய்ப் படலைகளைத் தட்டுகிற மனிதர். திறக்கிற விதத்திலேயே ஆள் பொய் சொல்லப் போகிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

றம்லாவைத் தேடி மூதூருக்கு இரண்டு தரம் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இன்று காலை மூன்றாம் தரம் போனபோதுதான் பக்கத்து வீட்டு பஹ்மியா வாயைத் திறந்தாள்.

“போன கிழமை நிப்றாஸ்ட உம்மா கிண்ணியாவிலயிருந்து ஆட்டோ கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போனவ. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதீங்க.”

அதற்குமேல் என்ன வேண்டும்? திங்கட்கிழமை கொலை வழக்கு. சாட்சியைக் காணோம். கூட்டிப்போனது கொலைகாரனின் தாய். கதிராமன் நேரே கிண்ணியாவுக்கு மோட்டார் சைக்கிளை விட்டார்.

இப்போது வீட்டுக்குள்ளே யாரோ இருமினார்கள்.

“உள்ளுக்கு ஆர்?”

“பூனை.”

“உங்கட வீட்டுப் பூனை இருமுமோ?”

றுக்கியா படலையில் கையை ஊன்றி வழியை மறித்தாள்.

“பயப்பிடாதேங்கோ. நான் உள்ளுக்கு வந்து தேட ஏலாது. ஆனா அறிக்கை எழுத ஏலும்.”

“என்னெண்டு எழுதுவீங்க?”

“எதிரி தரப்பு, அதாவது உங்கட மகன்ட பக்கத்து ஆக்கள், சாட்சியை மறைச்சு வச்சிருக்கினம் எண்டு.”

“எழுதினா?”

கதிராமன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார்.

“வெள்ளைக்காரன் போட்டிட்டுப் போன சட்டம் ஒண்டு இருக்கு. சாட்சி செத்துப்போனாலோ, ஆளைக் கண்டுபிடிக்க ஏலாமப் போனாலோ, எதிரி தரப்பு ஒளிச்சு வச்சாலோ, நீதிபதி அனுமதிச்சா, அவ முந்தி ஆரம்ப விசாரணையில நீதவானுக்கு முன்னால சொன்ன சாட்சியத்தை எடுத்து வாசிக்கலாம். உங்கட லோயர் அண்டைக்கே அவவைக் குறுக்கு விசாரணை செய்திட்டார். அதால தடையும் இல்லை. நீங்கள் ஒளிச்சதால உங்கட மகனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.”

அவள் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தார். அவளோ ஓரடி முன்னால் வந்தாள்.

“ஒரு சொல்லும் விடாம வாசிப்பாங்களா?”

“ஓம்.”

“அவ கூண்டில ஏறத் தேவையில்லையா?”

“ஆளே இல்லாட்டி எப்பிடி ஏறுறது?”

“அப்ப, அதை ஆரும் மாத்த ஏலாது?”

“எழுதினது எழுதினதுதான்.”

சட்டத்தில் ஓட்டை தேடுகிறாள் என்று கதிராமனுக்குத் தோன்றியது. குரலைக் கடுமையாக்கினார்.

“சாட்சியை மறைக்கிறதும் குற்றம். மகனோட சேர்த்து உங்களையும் உள்ளுக்குப் போடலாம், தெரியுமோ?”

“போடட்டும். எழுதுங்க தம்பி. இப்பவே, என்ட கண்ணுக்கு முன்னால எழுதுங்க.”

பையிலிருந்து பேனையை எடுத்த கதிராமன் அப்படியே நின்றார்.

“என்ன கதை இது?”

றுக்கியா வெளியே ஒழுங்கைத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“என்ட தம்பிமார் றம்லாட வீட்டுக்குப் போயிருக்கிறாங்க. கூண்டில ஏறி ‘நான் ஒண்டும் காணல்ல’ எண்டு சொல்லு, இல்லாட்டி பள்ளிக்கூடம் போற ஒன்ட புள்ள திரும்பி வராது எண்டு மிரட்டியிருக்கிறாங்க. பாவம், அவ மாத்திச் சொல்லத்தான் இருந்தா. அதான் தாயையும் புள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தன். என்ட வீட்டுல தேட வேணும் எண்டு அவனுகளுக்குத் தோணாது.”

“பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே?”

“வழக்கு முடியுமட்டும் பொலிஸ் காவலுக்கு நிக்கும். அதுக்குப் பொறகு?”

சந்தேகப்படுகிற பதினெட்டு வருசப் பழக்கம் கதிராமனை விடவில்லை.

“பெத்த மகனுக்கு எதிரான சாட்சியை எந்தத் தாய் காப்பாத்துவா? இதை நான் நம்ப வேணுமோ?”

“நம்பாட்டிப் போங்க. ஆனா எழுதிட்டுப் போங்க. அவ கூண்டில ஏறாமலே, அண்டைக்குச் சொன்னது அப்பிடியே நிக்கட்டும்.”

“அவ சொன்னது உண்மை எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்? பொய்யாயும் இருக்கலாமே?”

றுக்கியாவின் கை படலையிலிருந்து நழுவியது. வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, உள்ளே இருப்பவளுக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

“அஸீம் செத்த அண்டைக்கு என்ட மகன்ட சட்டையில இருந்த ரத்தத்தைக் கழுவினது நான்தானே, தம்பி.”